காலில் மாட்டும் கியர்

புனேயிலிருந்து அகில்யாநகர் (முன்பு அகமதுநகர்) போகும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் ரஞ்சன்காவ் வருகிறது. அஷ்டவிநாயகர் தலங்களில் ஒன்றான மகாகணபதி கோயிலும், காரும் வாஷிங் மெஷினும் செய்யும் தொழிற்பேட்டையும்தான் ஊரின் அடையாளங்கள். கடலுக்கும் இந்த ஊருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் மழைக்காலம் ஓய்ந்ததும் இந்தப் பக்கத்துத் தொழிற்பேட்டைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள், நம் ஊரிலிருந்து போனவர்களும் சேர்த்துத்தான், ஒரு வார இறுதியில் மேற்குக் கடற்கரையிலுள்ள மால்வண் வரை போய் ஸ்கூபா செய்துவிட்டு வருகிறார்கள். சிவாஜி 1664-இல் கட்டத் தொடங்கிய சிந்துதுர்க் கோட்டை அங்கே கடலுக்குள் நிற்கிறது. அதைச் சுற்றியுள்ள ஆழம் குறைந்த நீரில்தான் இந்த முக்குளிப்பு.

போய்வந்தவர்களிடம் பேசிப் பாருங்கள். மீனைப் பற்றிச் சொல்லி முடித்ததும் ஒரு கேள்வி வரும். “முகமூடி கொடுத்தார்கள், இடுப்பில் ஈயக்கட்டி கட்டினார்கள், முதுகில் ஆக்சிஜன் சிலிண்டர் மாட்டினார்கள், காலுக்கு மட்டும் ஒன்றும் தரவில்லையே? கூட வந்தவர் காலில் மட்டும் நீளமாக ஏதோ இருந்தது. அவர் சும்மா ரெண்டு தடவை காலை ஆட்டினார், ரெண்டு பேரும் நகர்ந்தோம். நான் உதைத்து உதைத்துப் பார்த்தேன், இருந்த இடத்திலேயே இருந்தேன்.”

(சிலிண்டரில் இருந்தது ஆக்சிஜன் அல்ல, அழுத்தி அடைத்த சாதாரணக் காற்று. ஆனால் இந்த ஒன்றை மட்டும் யாரும் திருத்திக்கொள்வதாக இல்லை.)

அந்தக் கால் சாமானைக் கடைகளில் ஃபின்ஸ் என்கிறார்கள். நாம் இந்த அத்தியாயத்தில் கால்துடுப்பு என்போம். ஒருமுறை கடலுக்குள் போய் ஆசை பிடித்துக்கொண்டவர்கள் அடுத்த முறை சொந்தமாக ஒரு ஜோடி வாங்கத்தான் நினைப்பார்கள். கடையில் குட்டையும் நெட்டையும், மெத்தென்றதும் விறைப்பானதும், நடுவே பிளந்ததும் ஓட்டை போட்டதும் வரிசையாகத் தொங்கும். பெரியதை வாங்கினால் வேகமாகப் போகலாம் என்று கை தானாக நெட்டைக்குப் போகும். போகலாமா?

பிடிமானம் இல்லாத இடம்

தரையில் நடக்கும்போது நாம் பூமியைப் பின்னுக்குத் தள்ளுகிறோம். பூமி நகர்ந்துவிடாது, அதனால் நம் உழைப்பு முழுவதும் நம்மையே முன்னுக்குக் கொண்டுபோகிறது. தண்ணீருக்குள் அப்படி ஊன்றிக்கொள்ள எதுவும் இல்லை. முன்னால் போக வேண்டுமானால் கொஞ்சம் தண்ணீரைப் பின்னால் எறிந்தாக வேண்டும். எறிந்த தண்ணீர் ஓடிப்போகிறது, நம் உழைப்பில் ஒரு பங்கையும் எடுத்துக்கொண்டு.

எதிரே தடுப்பதும் தண்ணீர்தான். காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தி. தெருவில் நடக்கும்போது காற்று தடுக்கிறது என்று யாரும் நினைப்பதில்லை. இடுப்பளவு ஆற்றில் நடந்தவர்களுக்குத் தண்ணீரின் தடுப்பு தெரியும். முதுகில் சிலிண்டரும் உடம்பெங்கும் குழாயும் பட்டையுமாக நீந்துகிறவருக்கு அது இன்னும் நன்றாகத் தெரியும்.

ஆகக் கேள்வி இதுதான்: எறிய வேண்டிய தண்ணீரை எப்படி எறிந்தால் நமக்கு நஷ்டம் குறையும்?

ஒரே தள்ளு, இரண்டு விலை

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெருக்கல் தெரிந்தால் போதும்.

நம் முக்குளிப்பவர் வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பூங்காவில் பேசிக்கொண்டே நடக்கும் வேகத்திலும் பாதிகூட இல்லை. ஆனால் கடலடியில் வேடிக்கை பார்க்க இது தாராளம். இந்த வேகத்தில் தண்ணீர் அவரைத் தடுக்கும் விசை, இரண்டு கிலோ அரிசிப் பையைக் கையில் தூக்கிப் பிடித்தால் கை உணரும் அளவு என்று தோராயமாக எடுத்துக்கொள்ளலாம். இயற்பியல் அலகில் 20 நியூட்டன். வேகம் குறையாமல் போக, அதே அளவு தள்ளு அவர் காலிலிருந்து வந்துகொண்டே இருக்க வேண்டும்.

தள்ளு என்பது, வினாடிக்கு எத்தனை கிலோ தண்ணீரைப் பின்னால் அனுப்புகிறோம், அதை என்ன வேகத்தில் அனுப்புகிறோம், இந்த இரண்டின் பெருக்கல். 20 வரவேண்டும், எப்படி வந்தாலும் சரி. வெறுங்கால் சின்னது. பாதத்தின் பரப்பு 200 சதுர சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. அது வினாடிக்கு 10 கிலோ தண்ணீரைத்தான் பிடிக்கிறது என்றால், அந்தத் தண்ணீரை வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் விரட்ட வேண்டும். பத்தும் இரண்டும் பெருக்கினால் 20. கால்துடுப்பின் தகடு 20 சென்டிமீட்டர் அகலம், 40 நீளம் என்றால் பரப்பு 800. நாலு மடங்கு தண்ணீரைப் பிடிக்கும், அதாவது 40 கிலோ. அதை வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் நகர்த்தினாலே போதும். நாற்பதில் பாதி, அதுவும் 20.

தள்ளு சமம். ஆனால் விலை சமமல்ல. ஓடும் தண்ணீர் எடுத்துக்கொண்டு போகும் ஆற்றலுக்கு வேகத்தை ஒருமுறை பெருக்கினால் போதாது, இரண்டுமுறை பெருக்கிப் பாதியாக்க வேண்டும். வெறுங்காலுக்கு: 10 × 2 × 2 = 40, அதில் பாதி 20 வாட். கால்துடுப்புக்கு: 40 × ½ × ½ = 10, அதில் பாதி 5 வாட். உடலை முன்னே கொண்டுபோக இரண்டு பேருக்கும் தேவையானது 10 வாட்தான். ஆக வெறுங்காலர் மொத்தம் 30 வாட் செலவிடுகிறார், கால்துடுப்புக்காரர் 15 வாட்.

மால்வணில் வழிகாட்டி சோம்பேறித்தனமாகக் காலை ஆட்டியதன் ரகசியம் இதுதான். நிறையத் தண்ணீரை மெதுவாகத் தள்ளுவது லாபம், கொஞ்சம் தண்ணீரை வேகமாகத் தள்ளுவது நஷ்டம். கப்பலின் சுழலி பெரிதாக இருப்பதும், ஹெலிகாப்டரின் விசிறி அவ்வளவு நீளமாக இருப்பதும் இதே கணக்கில்தான்.

கணக்கில் விட்டுப்போன கால்

மேலே போட்டது காகிதக் கணக்கு. குளத்தில் ஆட்களை இறக்கி அளந்தால் என்ன வரும்? பாவ்லா சம்பாரோ என்ற இத்தாலிய ஆய்வாளரின் குழு 2002-இல் அதைச் செய்து வெளியிட்டது. ஒரே வேகத்தில் நீந்தும்போது, கால்துடுப்பு மாட்டியவருக்கு ஆற்றல் செலவு ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. நம் 30, 15 கணக்குக்கு ஓரளவு பக்கத்தில்தான் இருக்கிறது.

ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு வேடிக்கை. தண்ணீருக்குள் வீணாகும் திறன் நாம் கணித்ததுபோல் முக்கால் பங்கு குறையவில்லை, 40 சதவீதம்தான் குறைந்திருந்தது. சதவீதத்தில் பார்த்தால் அதைவிடப் பெரிய மிச்சம் வேறிடத்தில் இருந்தது. ஒவ்வொரு உதைக்கும் காலையே தூக்கி, நிறுத்தி, திருப்பி, மறுபடி தூக்க வேண்டும். நம் இரண்டு கால்களும் சேர்ந்து உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். இந்தச் சுமையை முன்னும் பின்னும் ஆட்டுவதற்கென்றே ஒரு செலவு உண்டு. தண்ணீரே இல்லாவிட்டாலும் அந்தச் செலவு இருக்கும். கால்துடுப்பு மாட்டியவர்கள் உதைத்த வீச்சு சற்றே குறைந்தது, சுமார் 10 சதவீதம். உதைகளின் எண்ணிக்கை 40 சதவீதம் குறைந்தது. காலை ஆட்டும் செலவு ஏறத்தாழ 75 சதவீதம் விழுந்தது.

கால்துடுப்பு தண்ணீருக்கு மட்டும் பொருத்தமான கருவி அல்ல, தசைக்கும் பொருத்தமான கருவி. நம் தசைகள் நிதானமாக, கொஞ்சம் பளுவோடு வேலை செய்யும்போது சிக்கனமாக இருக்கும். பளுவே இல்லாமல் படபடவென்று அடித்துக்கொள்ளும்போது ஊதாரியாகிவிடும். சைக்கிளில் கியர் செய்யும் வேலையும் இதுவே. சமதரையில் சின்ன கியரில் மிதித்தால் கால் வெறுமனே சுற்றும், வண்டி நகராது.

கியர் என்று சொல்லிவிட்டால் அதன் அடுத்த பாதியையும் சொல்லியாக வேண்டும். மேட்டில் பெரிய கியரைப் போட்டால் மிதிக்கவே முடியாது.

நெட்டையின் தண்டனை

கால்துடுப்பு பெரிதாகவும் விறைப்பாகவும் ஆக ஆக, ஒரு உதைக்குக் கால் கொடுக்க வேண்டிய விசை கூடுகிறது. கணுக்காலுக்கு அப்பால் ஒரு முழம் நீண்டிருக்கும் தகட்டின் நுனியில் தண்ணீர் அழுத்துகிறது. அந்த நெம்பு முழுவதையும் தாங்குவது கெண்டைக்கால் தசையும் தொடையும். வாரத்தில் ஆறு நாள் அசெம்பிளி லைனில் நிற்கிற கால் வலுவானதுதான், ஆனால் இந்த வேலைக்குப் பழகிய கால் அல்ல. பத்து நிமிடத்தில் குரக்களி பிடிக்கும். நடுக்கடலில் கெண்டைக்கால் குரக்களி பிடித்தவர்கள் கடையில் மறுபடி நெட்டைப் பக்கம் போவதில்லை.

மூச்சை அடக்கி முக்குளிப்பவர்கள் காலில் முக்கால் மீட்டருக்கு மேல் நீண்ட தகடுகளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கு அது சரி. முதுகில் மூட்டை இல்லை, உடம்பை வில்லாக நீட்டிக்கொள்வார்கள், ஒரு உதை, பிறகு ஒரு வழுக்கல் என்று போவார்கள். அதற்கென்றே மாதக்கணக்கில் கால் பழக்குகிறார்கள். அதைப் பார்த்து ஆசைப்பட்டு ஸ்கூபாவுக்கு வாங்குவது வீண் செலவு என்பேன். பாறை இடுக்கில் திரும்பக்கூட முடியாது.

ஸ்கூபாவில் கால் செய்யும் ஊதாரித்தனத்துக்கு அபராதம் காற்றில் கட்ட வேண்டும். இங்கே பரவலாகப் பயன்படும் அலுமினியச் சிலிண்டரில் நிரம்ப அடைத்தால் ஏறத்தாழ 2,200 லிட்டர் காற்று இருக்கும். கால்பங்கைப் பாதுகாப்புக்கு ஒதுக்கினால் கையில் 1,650 லிட்டர். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பு, அதனால் ஒவ்வொரு மூச்சும் மேலே எடுப்பதைப்போல் இரண்டு மடங்கு காற்றைத் தின்னும். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு வாங்கும் நிதானமான ஆள், அங்கே 40 லிட்டர் செலவழிப்பார். 41 நிமிடம் கீழே இருக்கலாம். கால் திணறி மூச்சு இரட்டித்தால் 20 நிமிடத்தில் மேலே வர வேண்டியதுதான்.

வேகமாகப் போகலாமே என்பதற்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். வேகத்தை இரண்டு மடங்காக்கினால் தண்ணீரின் தடுப்பு நாலு மடங்கு, தேவைப்படும் திறன் எட்டு மடங்கு. எந்தக் கால்துடுப்பும் எட்டு மடங்கை ஈடுகட்டாது. நீரோட்டம் வினாடிக்கு ஒரு மீட்டர் ஓடும் இடத்தில் எதிர்த்து நீந்துவதைவிடப் படகுக்காரர் சொல்படி ஓட்டத்தோடு போய்விடுவது புத்திசாலித்தனம்.

இன்னொன்றும் உண்டு. அதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார், அவருக்கு லாபம் இல்லை. புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் தலை மேலே, கால் கீழே என்று சாய்ந்தே நீந்துகிறார்கள். ஈயக்கட்டி கூடிப்போனால் சாய்வும் கூடும். அப்போது தண்ணீருக்கு நேர் எதிரே மார்பும் வயிறும் தொடையும் பலகையாக நிற்கும். எடையைச் சரிசெய்து உடலைப் படுக்கைவாட்டில் கொண்டுவந்தால் கிடைக்கும் லாபம், எந்த விலை உயர்ந்த கால்துடுப்பிலும் கிடைக்காது.

கல்லும் கயிறும்

இங்கே தூத்துக்குடிக்காரர் ஒருவர் குறுக்கே கேட்கலாம்: எங்கள் ஆட்கள் நூற்றாண்டுக் கணக்காக முத்துக் குளித்தார்களே, காலில் என்ன மாட்டினார்கள்?

ஒன்றும் மாட்டவில்லை, மாட்ட வேண்டிய தேவையும் இல்லை. முத்துச்சிப்பி கிடக்கும் பார்கள் ஐந்து முதல் பத்துப் பாகம் (இரு கைகளை விரித்த நீளம் ஒரு பாகம்) ஆழத்தில் இருந்தன. கீழே போக, கயிற்றில் கட்டிய கனமான கல் மேல் கால் வைத்து இறங்கினார்கள். மேலே வர, தோணியில் நின்றவர் கயிற்றைப் பிடித்து இழுத்தார். இறங்கியது புவியீர்ப்பின் செலவில், ஏறியது தோணிக்காரரின் கைச் செலவில். குளிப்பவர் தன் மூச்சைச் செலவழித்தது அடியில் சிப்பி பொறுக்க மட்டுமே. ஆற்றல் சிக்கனம் என்று பார்த்தால் இதைவிடக் கெட்டியான ஏற்பாட்டை எனக்குக் காட்டுங்கள். 1961-க்குப் பிறகு அங்கே பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை.

சங்கும் கடலட்டையும் எடுக்கக் கல்லையும் கயிற்றையும் விட்டுத் தாமாகவே நீந்தி இறங்கியபோது கதை மாறியது. மன்னார் வளைகுடாவில் முகக்கண்ணாடியோடு, அலுமினியத் தகட்டை வெட்டிக் காலில் பொருத்திக்கொண்டு இறங்கினார்கள். ரப்பர் கால்துடுப்பின் காப்புரிமை அதற்கு முன்பே வாங்கப்பட்டுவிட்டது. லூயி தெ கோர்லியூ என்ற முன்னாள் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி அதை 1933-இல் வாங்கினார். அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் 1940-இல் விற்கத் தொடங்கியவர் ஓவன் சர்ச்சில், 1932 ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டியில் தங்கம் வென்றவர்.

தகடு வளைய வேண்டும்

அலுமினியத் தகட்டுக்கு ஒரு குறை. அது வளையாது. வளைவதில் என்ன இருக்கிறது?

விறைப்பான பலகையைக் காலில் கட்டிக்கொண்டு கீழ்நோக்கி உதையுங்கள். தண்ணீர் நேராகக் கீழே போகும், நீங்கள் மேலே எழும்புவீர்கள். பின்னால் போகும் தண்ணீர்தானே நம்மை முன்னே தள்ளும்? தகடு நெகிழ்ந்து கொடுத்தால், கால் கீழே போகும்போது நுனி பின்தங்கிச் சாய்ந்து நிற்கும், தண்ணீர் அந்தச் சாய்வில் வழிந்து பின்னால் போகும். திரும்பும்போது சாய்வு எதிர்ப்பக்கமாகும், தண்ணீர் அப்போதும் பின்னால்தான் போகும். வளைந்த தகடு நிமிரும்போது தேக்கிவைத்த ஆற்றலில் ஒரு பங்கைத் திருப்பியும் கொடுக்கும். ரொம்ப மெத்தென்று இருந்தால் மடங்கி விழுந்துவிடும், பிடிப்பே இருக்காது. ஒவ்வொருவர் காலுக்கும் இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு நெகிழ்ச்சி பொருந்தும்.

கடையில் செய்து பார்க்கக்கூடிய சின்ன சோதனை ஒன்று: பாதம் நுழையும் பையை ஒரு கையில் பிடித்து, மறுகையால் நுனியை அழுத்துங்கள். அடியிலேயே மடங்கக் கூடாது, நுனி மட்டும் தொங்கவும் கூடாது. முழுத் தகடும் சீராக வளைய வேண்டும்.

தகட்டில் ஓட்டை போடும் வழக்கம் ஜார்ஜ் புஷா என்ற பிரெஞ்சுக்காரர் 1964-இல் கொண்டுவந்த ஜெட்ஃபின்னிலிருந்து பரவியது. ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி நம்மைத் தள்ளுகிறது என்று பெயர் சொல்லும். காலுக்கு வரும் பளுவை அது குறைக்கிறது என்பதை நம்பலாம். நடுவே பிளந்த வகையும் அப்படியே; உதை இலகுவாகும், முழங்கால் வலி உள்ளவர்கள் விரும்புவார்கள், நீரோட்டத்தில் திடீரென்று ஒரு வேகம் தேவைப்பட்டால் கைவிடும்.

மணல் மேகம்

காலுக்கு ஏன் ஒன்றும் தரவில்லை என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. வினாடிக்கு 40 கிலோ தண்ணீர் என்று கணக்குப் போட்டோமே, அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? பழகாதவர் சாய்ந்து நீந்தினால் நேராகக் கடலடிக்கு. மால்வண் பக்கத்தில் பல நாட்களில் கொஞ்ச தூரத்துக்கு மேல் கண்ணுக்குத் தெரியாது. அங்கே மணல் கிளம்பினால் வரிசையில் வருகிற எல்லாருக்கும் காட்சி போயிற்று. அடியில் பவளமும் உண்டு. 1987-இல் அறிவிக்கப்பட்ட கடல் சரணாலயம் அது. ஒரு கிளையை ஒடிக்கக் கால்துடுப்பின் நுனி தெரியாமல் பட்டாலே போதும். முதல்முறை வருகிறவரைக் கைப்பிடியில் வைத்துக்கொண்டு, உந்துவேலை முழுவதையும் வழிகாட்டியின் காலுக்கே விட்டுவிடுவது பல இடங்களில் வழக்கம். கஞ்சத்தனம் இல்லை.

பழகியவர்கள் அடி நெருங்கும் இடத்தில் கால்களை மாற்றி மாற்றி உதைப்பதை நிறுத்தி, முழங்காலை மடித்து இரண்டு பாதங்களையும் பக்கவாட்டில் விரித்துக் கூட்டுவார்கள். தவளை நீச்சல்தான். தண்ணீர் நேராகப் பின்னால் போகும், மணல் எழாது. குட்டையும் அகலமுமான விறைப்புத் தகடு இதற்கு வசதி, நெட்டைத் தகடு இதிலும் உதவாது.

பாதம் நுழையும் இடம்

தகட்டைப் பற்றி இவ்வளவு பேசினாலும், வாங்கியவர்கள் திட்டுவது பெரும்பாலும் பாதப்பையைத்தான்.

அதில் இரண்டு வகை. செருப்பைப்போல் குதிகால் வரை மூடியது ஒன்று, வெறுங்காலில் மாட்டலாம். குதிகால் திறந்து பட்டையால் இறுக்குவது இன்னொன்று, அதற்கு உள்ளே தடித்த காலுறை வேண்டும், அதற்குத் தனிக் காசு. நம் கடல்கள் வெதுவெதுப்பானவை, குளிருக்காகக் காலுறை தேவையில்லை. படகிலிருந்தே இறங்குவதென்றால் மூடிய வகை போதும். இலேசு, விலையும் குறைவு, பையில் அடங்கும். பாறையிலும் கிளிஞ்சலிலும் நடந்து இறங்கும் கரை என்றால் இரண்டாவது வகையைப் பாருங்கள்.

மேற்பரப்பில் மிதந்து முகமூடி வழியாகக் கீழே பார்க்கும் ஸ்நார்கெலிங் மட்டும் போதும் என்பவர்களுக்குக் குட்டையான, மெத்தென்ற, மூடிய ஜோடி. நெட்டைத் தகடு அங்கே பாதி நேரம் தண்ணீருக்கு வெளியேதான் வீசும். காலால் காற்றைத் தள்ளி யாரும் முன்னேற முடியாது, 800 மடங்குக் கணக்கு நினைவிருக்கட்டும்.

அளவு பார்க்கும்போது மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள். குதிகால் நழுவினால் தண்ணீரில் அது உரசி அரை மணியில் கொப்புளம். பெருவிரல் முனையில் முட்டினால் குரக்களிக்கு அழைப்பு. சாயங்காலம் போய் வாங்குவது நல்லது, நாள் முழுக்க நின்ற கால் அப்போது சற்று வீங்கியிருக்கும். ஆன்லைனில் ஷூ நம்பரைப் பார்த்து வாங்காதீர்கள். ஒரு கம்பெனியின் 42 இன்னொரு கம்பெனியின் 40 ஆக இருக்கும்.

வருடத்துக்கு ஒருமுறை மால்வணுக்கோ அந்தமானில் ஸ்வராஜ் தீவுக்கோ (முன்பு ஹேவ்லாக்) போகிறவர் வாங்கவே வேண்டாம். முக்குளிப்பு நிலையத்தில் வாடகைக்குக் கிடைப்பதில் இரண்டு மூன்று வகையை மாட்டிப் பார்த்து, எதில் கெண்டைக்கால் பேசாமல் இருந்தது என்று குறித்துக்கொண்டு, அதன் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளலாம். முகமூடிக்குத்தான் முதலில் காசு போட வேண்டும். ஆனால் அது முகத்தின் கதை, அடுத்த அத்தியாயத்தில்.